தாத்தாவுக்கு வயது என்ன?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் பிறந்த ஆண்டைத் தமிழ் வருஷப் பெயரால் சொல்வதுண்டு. அப்பெயரோ 60 ஆண்டுக்கொருமுறை திரும்பி வரும். 'தாது' என்றால் பஞ்சம் வந்த 1876-ஆ, 1936-ஆ? தாது வருஷம் பிறந்த தாத்தா ஒருவர் 1943-இல் நேதாஜி படையில் போரிட்டதாகச் சொன்னால், அப்போது அவருக்கு 67 வயது, அல்லது 7! அவரைப் பொய்யர் என்றுவிடாதீர்கள், வருஷம் குழம்பியிருக்கலாம்.

வடக்கே ஆசம்கரின் நிஜாமுதீன், தாம் நேதாஜியின் கார் ஓட்டுநர் என்றார். 2017-இல் காலமானபோது வயது 117 என்றனர். அடையாள அட்டையில் 1900 என்றிருந்தது. அட்டையோ சொன்னதை எழுதிக்கொள்வது. பிரான்சின் ழான் கல்மோ அம்மையாரின் 122 வயதைப் பெரும்பாலோர் ஏற்பது, 1875-ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவும் பின்வந்த குடிக்கணக்குகளும் ஒத்துப்போவதால்தான்.

வீட்டுத் தாத்தாவிடம் வருஷத்தை மட்டும் கேட்காமல், "அப்போது உங்கள் தம்பி பிறந்துவிட்டாரா?" என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.