மொத்த ஆபீஸும் மதீராவுக்கு

லிஸ்பனிலிருந்து தென்மேற்கே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் எழுந்து நிற்கும் எரிமலைத் தீவு மதீரா. கரையிலேயே மலை தொடங்கிவிடுவதால் விமான ஓடுதளம் போடக்கூடச் சமதரை கிடைக்காத ஊர். 1964இல் கிழக்குக் கரையோரம் இடம் தேடிப் பிடித்து 1,600 மீட்டரில் ஓர் ஓடுதளம் போட்டார்கள். 1977 நவம்பர் 19 அன்று இரவு, மழையில் இறங்கிய ஒரு போயிங் விமானம் அந்த நீளத்துக்குள் நிற்க முடியாமல் பாய்ந்து கீழே விழுந்தது. 131 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஓடுதளத்தைக் கொஞ்சம் நீட்டினார்கள். 2000இல் கடலோரத்தில் சுமார் 180 கான்கிரீட் தூண்களை நட்டு, அவற்றின் மேல் மேடை அமைத்து, 2,781 மீட்டராக்கினார்கள். அந்தக் கட்டுமானம் 2004இல் உலக அளவில் பொறியியல் விருது வாங்கியது. இன்று அந்த விமான நிலையத்துக்குத் தீவின் மைந்தரான கிறிஸ்டியானோ ரொனால்டோவின் பெயர்.

ஓடுதளம் நீண்டுவிட்டது, காற்று மாறவில்லை. மலையில் மோதிச் சுழன்று வரும் காற்று இறங்கும் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அதனால் இங்கே விமானம் இறக்கத் தனிப் பயிற்சி பெற்ற விமானிகளையே அனுப்புகிறார்கள். காற்றின் வேகம் குறித்த அளவைத் தாண்டினால் இறங்கவே கூடாது என்பது கட்டாய விதி. அப்படிப்பட்ட நாட்களில் விமானங்கள் பக்கத்துத் தீவான போர்ட்டோ சாந்தோவுக்கோ, கனேரித் தீவுகளுக்கோ, வந்த வழியே லிஸ்பனுக்கோ திரும்பிவிடும்.

ஒரு கம்பெனி தன் ஊழியர்கள் எல்லோரையும் இந்தத் தீவுக்கு அழைத்துப்போக நினைத்தால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஹோட்டல், சாப்பாடு, சுற்றுலா எல்லாம் அப்புறம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிறுவனர் பேச்சு என்று நிகழ்ச்சி நிரல் போட்டுவிட்டு, ஞாயிறு இரவு கடைசி விமானத்தில் எல்லோரையும் வரச் சொன்னால், காற்று வீசும் ஒரு வாரத்தில் பாதிப் பேர் லிஸ்பன் விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அனுபவமுள்ளவர்கள் முதல் நாளை எந்த வேலையும் இல்லாமல் விடுவார்கள். எல்லோரையும் ஒரே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். திரும்பும் நாளுக்கு மறுநாள் வாடிக்கையாளருக்கு எதையும் கொடுப்பதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் போக வேண்டும்? வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் பெருகிய பிறகு இந்தக் கேள்விக்கான விடை மாறிவிட்டது. முன்பெல்லாம் ரிட்ரீட் என்றால் மேலாளர்கள் மட்டும் போய் அடுத்த ஆண்டுத் திட்டம் போட்டு வருவது. இப்போதோ முழுக் கம்பெனியும் வெவ்வேறு நாடுகளில் சிதறிக் கிடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கூடினால்தான் உண்டு. வேர்ட்பிரஸ்.காம் தளத்தை நடத்தும் ஆட்டோமாட்டிக் நிறுவனம் இப்படிப் பல நாடுகளில் இருக்கும் தன் ஊழியர்களை ‘கிராண்ட் மீட்டப்’ என்ற பெயரில் ஒரே ஊரில் கூட்டி வந்தது. பஃபர் என்ற நிறுவனம் 2015இல் தன் குழுவை இன்னோர் அட்லாண்டிக் தீவான ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகருக்கு அழைத்துப்போனது.

எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்களின் மேஜைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, அவர்கள் எத்தனை முறை பேசிக்கொள்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். தூரம் கூடக் கூடப் பேச்சு சரசரவெனக் குறைகிறது. சுமார் 50 மீட்டரைத் தாண்டினால் வேலை சம்பந்தமாகப் பேசிக்கொள்வதே அரிது என்று கண்டார். இன்று சென்னையில் ஒருவர், பெர்லினில் ஒருவர், சாவ் பாவ்லோவில் ஒருவர் என்று இருக்கும் குழுவுக்கு இந்தக் கணக்கு இன்னும் வலிமையாகவே பொருந்தும். வீடியோ காலில் எல்லாம் பேசிவிடலாம். அழைப்பு முடிந்த பின் நடைபாதையில் தொடரும் அந்த ஐந்து நிமிடப் பேச்சுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

அட்லாண்டிக் தீவு ஒன்றில் கூடிப் பேசியது பெரிய விளைவைத் தந்த கதை ஒன்று அமெரிக்க வரலாற்றில் இருக்கிறது. 1910 நவம்பரில் செனட்டர் நெல்சன் ஆல்ட்ரிச், வங்கியாளர்கள் பால் வார்பர்க், ஃபிராங்க் வாண்டர்லிப், ஹென்றி டேவிசன் முதலிய ஒரு சிலர் நியூ ஜெர்சியில் தனித்தனியாக வந்து ஒரு ரயில் பெட்டியில் ஏறினார்கள். வாத்து வேட்டைக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். வேலைக்காரர்களுக்கு அடையாளம் தெரியக்கூடாதென்று ஒருவரையொருவர் முதல் பெயரால் மட்டும் அழைத்தார்கள். ஜார்ஜியா மாநிலத்துக் கரையோரத் தீவான ஜெகில் ஐலண்டில் சுமார் பத்து நாள் உட்கார்ந்து அமெரிக்காவுக்கு ஒரு மைய வங்கி முறையின் வரைவை எழுதினார்கள். அந்த வரைவு அப்படியே சட்டமாகவில்லை. ஆனாலும் 1913இல் வந்த ஃபெடரல் ரிசர்வ் சட்டத்தில் அதன் பல கூறுகள் இடம்பெற்றன. மக்களுக்குத் தெரியாமல் வங்கியாளர்கள் கூடி நாட்டின் பணத்தைப் பற்றி முடிவெடுத்ததை இன்றைய நிறுவனம் எதுவும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. ஆட்கள் குறைவு, கேள்வி ஒன்றே ஒன்று, நாட்கள் தாராளம். தீவைவிட்டுக் கிளம்பும்போது கையில் எழுதி முடித்த வரைவு இருந்தது.

மதீராவுக்கு வருவோம். வேலை செய்ய ஏற்ற இடமா என்றால், ஆம். 1874லேயே கடலடித் தந்திக் கம்பி தீவின் தலைநகரான ஃபுன்ஷாலைத் தொட்டுப் பிரேசிலுக்குப் போனது. இன்று போர்ச்சுகலையும் பிரேசிலையும் இணைக்கும் எல்லாலிங்க் கடலடிக் கேபிளுக்கும் தீவில் ஒரு கிளை உண்டு. கொரோனா காலத்தில், 2021 பிப்ரவரியில், தெற்குக் கரையில் இருக்கும் போண்டா டு சோல் என்ற சிற்றூரில், உலகின் எந்த மூலையிலிருந்தும் வேலை செய்யும் மடிக்கணினிக்காரர்களுக்கென்று மாகாண அரசு ஒரு திட்டம் தொடங்கியது. இலவசமாக மேஜை, நாற்காலி, இணையம் கொடுத்தார்கள். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த ஊர் அதன்பின் உலகப் பெயர் பெற்றது. குளிர்காலத்திலும் ஃபுன்ஷாலில் பகல் வெப்பம் 19, 20 டிகிரி இருக்கும். ஆனால் தெற்குக் கரையில் வெயில் அடிக்கும்போதே வடக்கே சாவ் விசென்ட்டில் மழை கொட்டும்; நடுமலையில் மேகம் மூடியிருக்கும். பழைய மலைச் சாலைகளில் நாள் முழுக்கச் சுற்ற வேண்டியிருந்த தூரங்களை இப்போது சுரங்கச் சாலைகள் அரை மணி, ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டன. அதனால் தங்குமிடத்தைத் தெற்கில் வைத்துக்கொண்டு, வானம் பார்த்து வெளியே கிளம்புவது சுலபம்.

திட்டமிடுபவர்கள் அதிகம் தவறவிடுவது விசா. மதீரா போர்ச்சுகலின் தன்னாட்சிப் பகுதி. ஷெங்கன் எல்லைக்குள் வருகிறது. ஜெர்மன் ஊழியர் அடையாள அட்டையோடு வந்து இறங்கிவிடுவார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அப்படியில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சிக்கலான விண்ணப்பம் என்றால் 45 நாள் வரை ஆகலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், நேர்முகத் தேதி கிடைக்க வேண்டும். இரண்டு மாதம் இருக்கும்போது தேதி அறிவித்தால், கோயம்புத்தூரில் உட்கார்ந்து அதே குழுவில் அதே வேலையைச் செய்கிறவர் மட்டும் வர முடியாமல் போவார். அது அவருடைய தவறல்ல. திட்டம் போட்டவருடைய தவறு. தேதியை முடிவு செய்யும் முன் குழுவில் யார் யாருக்கு விசா தேவை என்று ஒரு பட்டியல் எடுத்து, அழைப்புக் கடிதம், தங்குமிட உறுதி, காப்பீடு மூன்றையும் நிறுவனமே தயார்செய்து கொடுப்பதுதான் நியாயம். விசாவில் தேவைக்கு மேல் ஒன்றிரண்டு நாட்களைக் கூட்டிக் கேட்பதும் நல்லது. காற்றால் விமானம் தள்ளிப்போனால் அந்த நாட்கள் உதவும்.

இனி நிகழ்ச்சி நிரல். காலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும். அதற்கு மேல் அரங்குக்குள் அடைத்துவைப்பதற்கு அட்லாண்டிக் தீவு வரை வர வேண்டியதில்லை. மதியத்துக்கு மேல் தீவு தானே வேலை செய்யும். அதற்கு மிகப் பொருத்தமானது லெவாடா நடை. மழை மிகுந்த வடக்கிலிருந்து வறண்ட தெற்கின் கரும்புத் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டுவர 15ஆம் நூற்றாண்டிலிருந்து மலையைக் குடைந்தும் செதுக்கியும் வெட்டிய வாய்க்கால்கள் இவை. மெதுவாகச் சரிந்து ஓடும் நீருக்குப் பக்கத்தில் பராமரிப்புக்காக விட்ட ஒற்றையடிப் பாதையில் நடப்பதால் ஏற்றம் அதிகம் தெரியாது. பல பாதைகள் 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த லாரிசில்வா காட்டுக்குள் போகும். பாதை குறுகலானதால் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். ஆறு மாதம் மின்னஞ்சலில் முறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் இப்படி மூன்று மணி நேரம் நடந்தால், எந்தக் குழு விளையாட்டும் தராத பலன் கிடைக்கும்.

இங்கேயும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சில லெவாடாக்களில் ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான அடி பள்ளம்; தடுப்பாக ஒரு கம்பி மட்டும். கல்டெய்ராவ் வெர்டி பாதையில் இருட்டுச் சுரங்கங்களைக் கடக்க வேண்டும். டார்ச் இல்லாமல் முடியாது. உயரத்தைக் கண்டால் தலைசுற்றுபவர், முழங்கால் வலிக்காரர், கர்ப்பிணி, சக்கர நாற்காலியில் இருப்பவர் என்று குழுவில் எல்லோரும் இருப்பார்கள். அவர்களுக்கென்று வேறு ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும், அதுவும் குறைந்த மதிப்புள்ளதாகத் தெரியாதபடி. ஃபுன்ஷால் துறைமுகத்திலிருந்து படகில் திமிங்கிலமும் டால்பினும் பார்க்கப் போகலாம். கேபிள் காரில் மலைமேல் இருக்கும் மோண்ட்டி ஊருக்கு ஏறித் தோட்டங்களைச் சுற்றலாம். அங்கிருந்து பிரம்புக் கூடை வண்டியில், வைக்கோல் தொப்பி போட்ட இருவர் பின்னால் பிடித்துக்கொள்ள, சரிவுச் சாலையில் சறுக்கி இறங்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது.

மாலை என்றாலே போன்ஷா. கரும்புச் சாராயம், தேன், எலுமிச்சை கலந்த தீவின் பானம் அது. மதீரா ஒயினுக்கோ உலகப் பெயர். இந்தியாவுக்குப் போகும் கப்பல்களில் பீப்பாயாக ஏறி, வெப்பக் கடல்களில் சூடேறி ருசி கூடியது என்பதுதான் அதன் வரலாறே. ஆனால் குடிக்காதவர்கள் ஓரமாக நின்றுகொண்டிருக்கும் மாலை, குழுவை ஒன்றாக்காது. மாட்டிறைச்சி எஸ்பெடாடாவும் கருவாளை மீனும்தான் தீவின் சிறப்பு உணவு என்பதால், சைவர்களுக்கு என்ன என்று ஹோட்டலிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்துச் சுட்டுப் பூண்டு வெண்ணெய் தடவிய ‘போலு டு காகு’ ரொட்டி, சோளமாவில் பொரித்த துண்டுகள், தீவின் சின்ன வாழைப்பழம், பாஷன் ஃப்ரூட் என்று நல்ல உணவு உண்டு. கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் கீரைச் சாலட்தான்.

எல்லா மாலையையும் நிரப்பவும் கூடாது. ஐந்து நாள் தங்கினால் இரண்டு மாலையாவது ஒன்றுமே இல்லாமல் விட வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அது மூச்சு விடும் நேரம். மற்றவர்கள் யாரும் சொல்லாமலே கடற்கரைச் சுவரில் போய் உட்காருவார்கள். பல குழுக்களின் நல்ல யோசனைகள் அங்கேதான் பிறக்கின்றன. 

தீவுக்கும் ஒரு தாங்கு சக்தி இருக்கிறது. சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழும் இடம் இது. வருகிறவர்கள் பெருகி, வாடகை ஏறி, உள்ளூர் இளைஞர்கள் வீடு கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். இயற்கையின் சீற்றமும் உண்டு: 2010 பிப்ரவரி வெள்ளத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 ஆகஸ்ட் காட்டுத்தீக்குப் பின் பீகோ டு அரியேரு சிகரத்திலிருந்து, 1,862 மீட்டர் உயரமுள்ள பீகோ ருயிவு சிகரத்துக்குப் போகும் புகழ்பெற்ற பாதை நீண்ட நாள் மூடப்பட்டது. பாதைகளுக்கு இப்போது கட்டணம் வாங்குகிறார்கள். அறுபது பேர் ஒரே நேரத்தில் ஒரு லெவாடாவில் இறங்கினால் எதிரே வருபவர் ஒதுங்க இடமிருக்காது. பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு, வெவ்வேறு பாதைகளில் போவதுதான் சரி. ஏப்ரல், மே மாதப் பூத்திருவிழாவிலும் வாணவேடிக்கைக்குப் பேர்போன புத்தாண்டிலும் ஹோட்டல்கள் நிரம்பி வழியும். அந்தச் சமயங்களைத் தவிர்த்தால் செலவும் குறையும், நெரிசலும் குறையும்.

இத்தனைக்குப் பிறகும் சிலர் வர முடியாமல் இருப்பார்கள்: கைக்குழந்தை வைத்திருப்பவர், வயதான பெற்றோரைத் தனியே விட முடியாதவர், விசா மறுக்கப்பட்டவர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள நேரக் கணக்கு கைகொடுக்கும்: மதீராவின் கடிகாரம் லிஸ்பனோடு ஒத்து ஓடுகிறது. கோடையில் இந்தியா நாலரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம். அங்கே காலை பத்து மணி என்றால் சென்னையில் மதியம் இரண்டரை அல்லது மூன்றரை. எனவே முக்கிய முடிவுகள் எடுக்கும் அமர்வை அந்தக் காலை வேளையில் வைத்தால் அவர்களும் திரையில் சேர்ந்து பேசலாம், வாக்களிக்கலாம். அன்றைய முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பு, குழு லெவாடா நடைக்குக் கிளம்பும் முன்பே அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.