குளிரூட்டித் தண்ணீர் எங்கே போகிறது?

கணவனைப் போரில் இழந்த ஒரு தாய், வீட்டின் முன்னறையை வாடகைக்கு விட்டுத் தன் இரு பிள்ளைகளையும் படிப்பிக்கிறார். வெளிநாட்டிலுள்ள தம்பி அனுப்பிய பணத்தில் அந்த அறைக்குக் குளிரூட்டி பூட்டினார். சில மாதங்களில் சுவர் வழியே நீர் வழிந்து மெத்தை நனைந்தது. வாடகைக்கு இருந்தவர் வெளியேறிவிட்டார். திருத்த வந்தவர் "காஸ் முடிஞ்சுது" என்று இரண்டு தடவை பணம் வாங்கினார். ஒழுக்கு நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால், நீர் வெளியேறும் குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது!

"உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு தெரிஞ்சிருந்தா ஏமாந்திருக்க மாட்டன், பிள்ளை" என்றார் அவர்.

உள்ளே நடப்பது எளிமையானது. குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே குளிரூட்டியின் உள்ளேயுள்ள குளிர்ந்த சுருளில் அறைக் காற்றின் ஈரம் படிந்து நீராகிறது. புழுக்கமான நாளில் இது பல லீற்றர் வரை சேரும். அந்த நீர் சுருளின் கீழுள்ள தட்டில் விழுந்து, குழாய் வழியே வெளியேறுகிறது. பெரும்பாலான வீட்டுக் குளிரூட்டிகளில் இதற்குப் பம்பி கிடையாது. நீர் தன் பாரத்தாலேயே ஓடவேண்டும்.

ஆகவே குழாய் தொடக்கம் முதல் முடிவு வரை சரிவாக இருக்க வேண்டும். ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலச் சரிவு நல்லது. நடுவில் மேலெழுந்தாலோ, நுனி வாளித் தண்ணீரில் அமிழ்ந்திருந்தாலோ நீர் தடைப்படும். தூசியும் பாசியும் சேர்ந்தாலும் குழாய் அடைபடும். மலசலகூடக் குழியுடன் நேரே இணைத்தால் துர்நாற்றம் அறைக்குள் வரும்.

ஒழுகினால் முதலில் பிரதான ஆளியை நிறுத்துங்கள். வெளியே குழாய் நுனியைப் பாருங்கள். குளிரூட்டி ஓடியபோது அங்கு நீர் சொட்டவில்லை, உள்ளே ஒழுகுகிறது என்றால் அடைப்பு இருக்கலாம். சுருளில் பனிக்கட்டி படிந்திருந்தால் அழுக்கு வடியோ காஸ் குறைவோ காரணமாகலாம். தூசி வடியை மாதம் ஒருமுறை கழுவி, உலர்த்திப் போடுங்கள். காஸ் நிரப்ப வேண்டும் என்பவரிடம், "அமுக்கத்தை அளந்து காட்டுங்கள், கசிவு எங்கே?" என்று கேளுங்கள். காஸ் தானாகத் தீர்வதில்லை. கசிந்தால்தான் குறையும்.

வெளியேறும் நீரை வாளியில் தேங்கவிட வேண்டாம். 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளானதாகப் பதிவானது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, வளவில் நுளம்பு பெருக இடமளிப்பது குற்றமுமாகும். அந்த நீரை நாளாந்தம் பூக்கன்றுகளுக்கு ஊற்றலாம். குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

அந்தத் தாயின் குழாய் நுனியில் இன்று சிறு வலைத்துண்டு கட்டப்பட்டிருக்கிறது. அதை அவரே மாதாமாதம் கழற்றிக் கழுவுகிறார். அறைக்கும் ஆள் வந்துவிட்டது. நம் வீட்டுப் பொருள் எப்படி இயங்குகிறது என்று கேட்டறிய வெட்கப்பட வேண்டாம், சகோதரிகளே. அந்த அறிவு நம் சிறு வருமானத்துக்குக் காவல்.