மாநிலம் மாறினால் உரிமையும் மாறுமா?

சாதிக் கொடுமை மிகுந்த ஊரை விட்டு வெளியேறுவது தலித் மக்களின் நெடுநாளைய போராட்ட வழிகளுள் ஒன்று. வேலைக்காகவும் கல்விக்காகவும் வேறு மாநிலம் செல்லும் இளைஞர்கள் இன்று நம்மிடம் கேட்கும் கேள்வி சட்டம் சார்ந்தது: நம்முடைய பட்டியல் சாதித் தகுதி நம்மோடு வருமா? புறப்படும் முன் விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி இது.

இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியேறும் உரிமையை அரசமைப்பின் 19-ஆம் உறுப்பு தருகிறது. ஆனால் 341-ஆம் உறுப்பின்படி பட்டியல் சாதிகள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக அறிவிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பட்டியலிலேயே வண்ணான் சாதி கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டுமே இடம்பெற்றுள்ளது. அதாவது, சட்டம் சாதியின் பெயரோடு ஊரையும் சேர்த்தே பார்க்கிறது.

ஆந்திராவில் பழங்குடியினராகச் சான்று பெற்ற ஒருவரின் மகன் மும்பையில் வளர்ந்து, அங்கு மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினர் இடம் கேட்டார். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு எனப்படும் அவ்வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை. 1994-இலும், 2018-இல் பீர் சிங் வழக்கிலும் அந்நிலைப்பாடே உறுதியானது. இரு மாநிலப் பட்டியல்களிலும் ஒரே பெயர் இருந்தாலும் விதி இதுதான். ஆதிதிராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் உண்டு. ஆயினும் விழுப்புரத்திலிருந்து பெங்களூரு செல்பவர் கர்நாடக அரசுப் பணியில் ஒதுக்கீடு கோர முடியாது. திருமணமாகிச் செல்லும் பெண்களுக்கும் இதுவே பொருந்தும் என 2018-இல் ரஞ்சனா குமாரி வழக்கில் தீர்ப்பானது.

இனி இழப்பையும் ஆதாயத்தையும் எடைபோடுவோம்.

இழப்பு முதலில். புதிய மாநிலத்தின் அரசுப் பணி, அம்மாநிலக் கல்லூரிகளின் ஒதுக்கீட்டு இடங்கள், பட்டியல் சாதியினருக்கான அம்மாநிலத் திட்டங்கள் ஆகியவை கிட்டா. இழப்பு பிள்ளைகளையும் தொடர்கிறது. தந்தை 1950-ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் இடம்பெயர்ந்தவரானால், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையும் தந்தையின் சொந்த மாநிலத்தவராகவே கருதப்படுவார்.

கோலார் தங்கவயல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் அங்கே சென்ற தலித் குடும்பங்கள், 1950-இல் மைசூர் மாநிலத்தில் நிலைத்துவிட்டமையால் கர்நாடகத்துக்குரியவர்கள். சுரங்கம் 2001-இல் மூடப்பட்ட பின் தமிழ்நாட்டுக்குத் திரும்ப எண்ணும் பேரப்பிள்ளைகள், மூதாதையரின் மண்ணிலேயே வேற்று மாநிலத்தவர் ஆகிறார்கள்.

இடம்பெயர்வோர் இழக்காதவையும் உண்டு. ஒன்றிய அரசுப் பணிகளிலும் ஒன்றியக் கல்வி நிறுவனங்களிலும் ஒதுக்கீடு நாடு முழுவதற்கும் பொதுவானது. டெல்லியிலும் அனைத்திந்திய ஒதுக்கீடு செல்லும் என பீர் சிங் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறுகிறது. மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகையை வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலத்திடமே விண்ணப்பித்துப் பெறலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு மாநில எல்லையோடு முடிவதில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்ற முழு அமர்வு 2023-இல் தீர்ப்பளித்தது. பிற உயர் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் அங்கும் நாம் எடுத்துரைக்கத்தக்க தீர்ப்பு அது.

ஆதாயங்களும் மெய்யானவை. நிலவுடைமைச் சாதியினரின் கூலியை நம்பி வாழும் நிலையிலிருந்து விடுதலை, பெயர் சொன்னதும் தெரு கேட்கப்படாத பணியிடம், சாதி மறுப்புத் திருமணம் செய்த இணையருக்கு உயிர்ப் பாதுகாப்பு: இவற்றை ஒதுக்கீட்டு இடத்தோடு ஒப்பிட்டு அளக்க இயலாது. நகரத்திலும் வீட்டு உரிமையாளர் சாதி கேட்பார் என்பது உண்மை. ஆயினும் அங்கே ஒரு கதவு மூடினால் மற்றொன்றைத் தட்ட முடியும். ஊரில் ஊரே ஒரு கதவுதான்.

உயிருக்கு அஞ்சி வெளியேறுவோர் ஒன்றை அறிய வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவின்படி, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் மறுகுடியமர்வு உட்பட்ட பாதுகாப்பை அளிப்பது அரசின் கடமை. எனவே புகாரைப் பதிவு செய்யாமல், இக்கோரிக்கையை எழுத்தில் வைக்காமல் மாநில எல்லையைத் தாண்ட வேண்டாம்.

மற்றவர்கள் சொந்த ஊரின் சாதிச் சான்றையும் இருப்பிட ஆவணங்களையும் புறப்படும் முன்பே பெற்றுக்கொள்ள வேண்டும். தந்தையின் சான்றைக் காட்டினால், பிள்ளை வாழும் மாநில அதிகாரியே தந்தையின் மாநிலத்துக்குரிய சான்றை வழங்கலாம் என ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் 1985-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறுகிறது. ஒன்றிய அரசுப் பணிகளுக்கு இது பயன்படும். மாநில அரசுப் பணியே இலக்கு என்போர் சொந்த மாநிலத்தில் தேர்வெழுதி முடித்தபின் முடிவெடுப்பது நன்று.

நீதிமன்றத்தின் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடக் கூடாது. வெளியிலிருந்து வரும் சற்றே முன்னேறிய குடும்பங்கள், உள்ளூர்த் தலித்துகளின் பங்கை எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. அதற்குத் தீர்வு, உள்ளூரார் பங்கைத் தொடாத கூடுதல் இடங்கள். அப்புலத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கேனும் அவை வேண்டும். இடம்பெயர்வோர் உரிமைக்கு உரிய சட்டம் பற்றி எண்ணுமாறு 1990-ஆம் ஆண்டுத் தீர்ப்பே கூறியிருந்தது. குடிபெயரும் உரிமையா, ஒதுக்கீட்டு உரிமையா என்று தேர்வு செய்யுமாறு தலித் குடும்பங்களை மட்டும் நிர்ப்பந்திக்கும் நிலை இன்னும் மாறவில்லை. அதை மாற்றக் கோருவது போகிறவர்களின் கடமை மட்டுமன்று, ஊரில் இருப்பவர்களின் கடமையும் ஆகும்.