பிரசல்ஸுக்கு மனு எழுதப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்

ஜேர்மனியிலும் பிரான்சிலும் டென்மார்க்கிலும் வளரும் எங்கள் பிள்ளைகளிடம், ஐரோப்பிய ஒன்றியத்தில் எத்தனை நாடுகள் என்று கேட்டால் 27 என்று உடனே பதில் வருகிறது. தலைநகரங்களையும் ஒப்புவிக்கிறார்கள். "உன் பள்ளிக்கூட வாசலில் நாள் முழுக்க லொறிப் புகை. யாரிடம் முறையிடுவாய்?" என்று கேட்டால்தான் வகுப்பே அமைதியாகிறது. பள்ளிகள் கொடியையும் வரைபடத்தையும் காட்டியதோடு பாடத்தை முடித்துவிடுகின்றன. வீட்டிலோ "எங்களுக்கேன் அரசியல்" என்று பெற்றோர் கதையை மாற்றிவிடுகிறார்கள். இடையில் கெட்டுப்போவது பிள்ளைகளின் உரிமை.

முதல் குழப்பம் எந்தக் கதவைத் தட்டுவது என்பதில் தொடங்குகிறது. ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஐரோப்பிய பாராளுமன்றமும் இருக்கிறது, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குரியதும் அல்ல. 1949இல் தொடங்கிய, இன்று 46 நாடுகள் அங்கம் வகிக்கும் ஐரோப்பிய கவுன்சிலைச் சேர்ந்தது. 12 நட்சத்திரக் கொடியைக் கவுன்சில் 1955இலேயே ஏற்றுக்கொண்டது. ஒன்றியம் அதைப் பின்னர்தான் எடுத்துக்கொண்டது. இரு இடத்திலும் ஒரே கொடி பறப்பதால் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். ஜெனீவாவில் உள்ள மனித உரிமைகள் பேரவை ஐக்கிய நாடுகள் சபைக்கு உரியது. அதன் முன்றலில் நடக்கும் கவனயீர்ப்புக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்கிறவர்கள், போகும் வழியிலாவது இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நீதிமன்றத்தைப் பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாட்டின் இறுதித் தீர்ப்புக்குப் பின் அங்கே விண்ணப்பிக்க முன்பு 6 மாத அவகாசம் இருந்தது. 2022 பெப்ரவரி முதல் அது 4 மாதம். இன்னும் ஆறு மாதம் என்று ஆலோசனை சொல்கிறவர்களை நம்பிக் காலத்தைக் கடத்தாதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மிகவும் பொருத்தமான கருவி பாராளுமன்ற மனு. ஒன்றியத்தின் செயற்பாட்டு உடன்படிக்கையின் 227ஆம் பிரிவு தரும் உரிமை இது. ஒன்றியக் குடிமக்கள் மட்டுமல்ல, ஒன்றிய நாடொன்றில் வசிப்பவர் எவரும் மனுப் போடலாம். கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டும் வதிவிட அனுமதியும்தான் என்றாலும் தடையில்லை. வயதெல்லையையும் அந்தப் பிரிவு சொல்லவில்லை. தனியாகவும் அனுப்பலாம், வகுப்பாகச் சேர்ந்தும் அனுப்பலாம். சுவிஸிலும் நோர்வேயிலும் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்: அந்த இரு நாடுகளும் ஒன்றியத்தில் இல்லை. ஒன்றிய நாடொன்றின் குடியுரிமை இருந்தால் மட்டுமே அங்கிருந்து இந்த உரிமையைப் பயன்படுத்தலாம்.

மனுவுக்கு இரண்டு நிபந்தனைகள். விடயம் ஒன்றியத்தின் அதிகாரத்துக்குள் வர வேண்டும். அது உங்களை நேரடியாகப் பாதிக்க வேண்டும். பஸ் நேரம், பள்ளி விடுமுறை, ஆசிரியர் பற்றாக்குறை எல்லாம் நகரசபைக்கோ மாநிலத்துக்கோ உரியவை. அவற்றைப் பிரசல்ஸுக்கு எழுதினால் நிராகரிப்புக் கடிதம்தான் வரும். காற்றின் தரம், குடிதண்ணீரின் தரம், பள்ளிகளில் கொடுக்கும் பால், பழம் போன்றவற்றில் ஒன்றியத்தின் சட்டங்களோ திட்டங்களோ உண்டு.

பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றின் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "எங்கள் பள்ளிக்கு முன்னால் புகை அதிகம். உடனே நடவடிக்கை எடுங்கள்." இதை வைத்துக்கொண்டு எந்தக் குழுவாலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தெரு, எந்த மாதத்திலிருந்து, அருகிலுள்ள காற்று அளவீட்டு நிலையம் காட்டும் அளவு என்ன, நகரசபைக்கு எப்போது எழுதினீர்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதையெல்லாம் எழுத வேண்டும். அந்தப் பதிலின் பிரதியை இணைக்க வேண்டும். இவ்வளவையும் தேடி எடுத்து எழுதும் பிள்ளை, குடியியல் புத்தகத்தில் படிப்பதைவிட அதிகம் கற்றுக்கொள்ளும்.

மனுவில் பெயர், குடியுரிமை, நிரந்தர முகவரி மூன்றும் கட்டாயம். ஒன்றியத்தின் 24 உத்தியோக மொழிகளில் ஒன்றில் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் ஏற்க மாட்டார்கள். பாராளுமன்றத்தின் மனுக்களுக்கான இணையத்தளத்தில் பதியலாம். தபாலில் அனுப்புவதானால் மனுக்கள் குழுவின் தலைவருக்கு, ஐரோப்பிய பாராளுமன்றம், ரூ வீர்ட்ஸ் 60, 1047 பிரசல்ஸ் என்று முகவரியிட்டுக் கையொப்பத்துடன் அனுப்புங்கள். மின்னஞ்சலில் அனுப்பியதை மனுவாக எடுக்க மாட்டார்கள். மின்னஞ்சலை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து, "எழுதினோம், கவனிக்கவில்லை" என்று சலித்துக்கொள்ளும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். விதியைப் படிக்காத குற்றம் அவர்களுடையது.

அனுப்புமுன் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. பதிவான மனு பொது ஆவணமாகிவிடும். மனுதாரரின் பெயர் இணையத்தில் வெளிவரும். பிள்ளையின் பெயர் வெளிவரக் கூடாது என்றால், மறைக்கும்படி மனுவிலேயே கேட்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இன்னொரு வழி ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி. பன்னிரண்டு மாதத்துக்குள் குறைந்தது 7 நாடுகளில் 10 இலட்சம் கையொப்பம் சேர்ந்தால் ஐரோப்பிய ஆணைக்குழு பதில் சொல்லியே ஆக வேண்டும். சட்டம் இயற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் பலன் இருக்கிறது: தண்ணீர் உரிமைக்காக 2013இல் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட முன்முயற்சியின் தாக்கம் 2020ஆம் ஆண்டின் புதிய குடிதண்ணீர்ச் சட்டம் வரை போனது. இங்கே வதிவிட அனுமதி போதாது, ஒன்றிய நாடொன்றின் குடியுரிமை வேண்டும். ஜேர்மனி, ஒஸ்திரியா, பெல்ஜியம், மோல்டா, எஸ்தோனியா குடிமக்கள் 16 வயதிலேயே கையொப்பமிடலாம்.

சில நாட்டவரிடம் அடையாள அட்டை இலக்கமும் கேட்பார்கள். அதனால் ஆணைக்குழுவின் தளத்தில் பதிவான முன்முயற்சிதானா என்று பார்த்துவிட்டே விவரம் கொடுங்கள். வட்ஸ்அப்பில் சுற்றும் தனியார் கையொப்பப் பக்கங்கள் இந்த 10 இலட்சக் கணக்கில் சேரா. பிள்ளைகளின் கைபேசிக்கு வருபவை அநேகமாக அவைதான். திரும்பவும் சொல்கிறேன், தளத்தைப் பார்க்காமல் அடையாள இலக்கத்தைக் கொடுக்க வேண்டாம்.

வாக்குரிமையிலும் கோட்டை விடுகிறோம். 2024 ஐரோப்பிய தேர்தலில் ஜேர்மனியிலும் பெல்ஜியத்திலும் 16 வயதினர் முதல் தடவையாக வாக்களித்தார்கள். ஜேர்மன் குடியுரிமையுள்ள பிள்ளைக்கு வாக்காளர் அறிவித்தல் தானாகவே வீட்டுக்கு வரும். டச்சு அல்லது டேனிஷ் கடவுச்சீட்டுடன் ஜேர்மனிக்குக் குடிவந்த குடும்பத்துக்கு அப்படி வராது. ஜேர்மனியில் வாக்களிக்க விரும்பினால், தேர்தலுக்கு 21 நாட்களுக்கு முன்பே வசிக்கும் இடத்து நகரசபையில் விண்ணப்பம் கொடுத்து வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்க வேண்டும். ஒரே தேர்தலுக்கு இரண்டு நாடுகளில் வாக்களிப்பது குற்றம் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

அடுத்த ஐரோப்பிய தேர்தல் 2029இல். எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்ற சந்தேகம் அதற்குமுன் வந்தால் 'யூரோப் டிரெக்ட்' சேவையைக் கேட்கலாம். ஒன்றிய நாடுகளுக்குள் இலவச எண் 00 800 6 7 8 9 10 11. தொலைபேசியைப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். கேள்வியை முதலில் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு அதுவே கேட்கட்டும்.