அணியும் அழகும் – 9: தலைசாமான்

நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, ஜடைநாகம், குஞ்சலம் எல்லாம் சேர்ந்ததுதான் தலைசாமான். தமிழ்ப் பெண்ணின் தலையணி தொப்பியாக வளரவில்லை. வாரிப் பின்னிய கூந்தலின் மேலேயே அமர்ந்தது. வட ரஷ்யாவின் கோமி மக்களிடம் மணமாகாத பெண் உச்சி தெரிய ஒரு பட்டையைக் கட்டுவாள். மணமானபின் கூந்தல் முழுவதையும் தொப்பிக்குள் மறைப்பது அவர்களின் பழைய மரபு. இங்கே தாலி ஏறும் நாளில்தான் கூந்தல் முழு அலங்காரத்தோடு ஊரார் முன் வருகிறது.

வழக்கம் பழையது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் தலையணிகளாகத் தெய்வவுத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் ஆகியவை சொல்லப்படுகின்றன. பெயர்கள் மாறிவிட்டன, இடங்கள் மாறவில்லை.

வகிட்டின் மேல் நீண்டு நெற்றியில் தொங்குவது சுட்டி. வகிட்டின் வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் பிறை. பின்னல் தொடங்கும் இடத்தில் வட்டமாக ராக்கொடி. அதற்குக் கீழே ஜடைநாகம், படமெடுத்த பாம்புத் தலையோடு தொடங்கி, வர வரச் சிறுத்து இறங்கும். ஒரே தகடாக இருந்தால் முதுகில் விறைத்து நிற்கும் என்பதால் சிறு சிறு துண்டுகளாகச் செய்து கோத்திருப்பார்கள். பெண் திரும்பினால் பின்னலோடு அதுவும் வளையும். நுனியில் பட்டுக் குஞ்சலம். நகை செய்தவனின் நுட்பம் கல்லில் இருப்பதைவிட இந்தக் கோப்பில்தான் அதிகம்.

வசதியுள்ள வீடுகளில் இது பொன்னாலானது. நாட்டிய மேடைக்கு நாகர்கோவிலின் வடசேரியில் செய்யும் கோயில் நகையும் வரும்: வெள்ளியில் சிவப்புக் கெம்பு பதித்து, பொன் பூசியது. இந்தக் கைவேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு.

பெண்களுக்குத் தலைசாமான் என்றால், மதுரையில் கிரீடம் மீனாட்சிக்கு உரியது. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் பட்டாபிஷேகத்தில் அம்மனுக்கு ராயர் கிரீடம் சூட்டி, வேப்பம்பூ மாலை அணிவித்து, செங்கோல் கொடுப்பார்கள். ஆவணியில் ஆட்சி சுந்தரேசுவரருக்கு மாறும். 

பொன் இல்லாத வீட்டுக்கும் தலைசாமான் உண்டு. அது பூவில் ஆனது. மதுரை ஆரப்பாளையம் பக்கத்துத் தெருக்களில் சடங்கு, வளைகாப்பு என்றால் ஜடை தைக்க ஆள் சொல்லிவிடுவார்கள். பின்னலின் நீளத்துக்கு வாழை மட்டையை நறுக்கி, அதன்மேல் மல்லிகை மொட்டுகளை ஊசிநூலால் வரிசை வரிசையாகத் தைத்து, நடுவில் கனகாம்பரமும் ஓரத்தில் மரிக்கொழுந்தும் வைப்பார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்குத் தடித்த மொட்டு. ஊசி ஏறினாலும் கிழியாது. விடியலில் பறித்த மொட்டு அந்தியில்தான் விரியும். ஆகவே மாலைச் சடங்குக்கு மதியத்துக்குள் தைத்து முடித்தாக வேண்டும். பெண் மணையில் உட்காரும்போது பூவும் விரியத் தொடங்கியிருக்கும்.

முன்பெல்லாம் அன்றைக்கே ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போவார்கள். பெண்ணுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து, முகமும் தைத்த பின்னலும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பார்கள். மதுரை வீடுகளின் சுவர்களில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் தொங்குகின்றன.