தரங்கம்பாடியில் அச்சான புத்தகம் லண்டனில்!

குழந்தைகளே! பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகம் காணாமல் போனால் எங்கே தேடுவீர்கள்? அலமாரிக்குப் பின்னால், மேஜைக்கு அடியில், கடைசி பெஞ்ச் பையனின் பையில்... (என் அனுபவத்தில் பெரும்பாலும் அந்தப் பையில்தான் கிடைக்கும்!) ஆனால், புத்தகம் கடல் கடந்து போய்விட்டால்?

மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடிக்குச் சுற்றுலா போனவர்கள் கடற்கரையில் டேனிஷ் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். 1706-ல் அந்த ஊரில் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் வந்து இறங்கினார். ஆர்வமாகத் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708-ல் தம்மிடம் இருந்த நூல்களுக்கு ஒரு பட்டியலும் எழுதினார். அதில் நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள்! எந்த நூலில் என்ன இருக்கிறது என்ற குறிப்பும் உண்டு.

பிறகு அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியில் செய்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகவும் பெரியவை. காகிதத்தை விழுங்கித் தள்ளின. அதனால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-ல் பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது.

அதில் ஒரு பிரதி தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் இருந்தது. சரபோஜி மன்னரின் கையெழுத்து உள்ள பிரதி என்கிறார்கள். 2005 அக்டோபரில் அது காணாமல் போயிற்று. புகார் கொடுத்தார்கள், தேடினார்கள். கிடைக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு போலீசார் வழக்கைக் கையில் எடுத்தனர். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள், பழைய நூல் சேகரிப்பாளர்கள் ஆகியோரின் இணையதளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தனர். லண்டனில் ஒரு சேகரிப்பில் அந்தப் புத்தகம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டதாக 2022 ஜூலையில் அறிவித்தனர். 17 ஆண்டுகள்!

முன்பெல்லாம் நூலகங்களில் சின்னச் சின்ன இழுப்பறைகள் இருக்கும். புத்தகத்துக்கு ஓர் அட்டை. அதைப் பார்க்க அந்த நூலகத்துக்கே போக வேண்டும். லண்டனில் இழுப்பறைக்குள் கிடக்கும் அட்டை தஞ்சாவூருக்கு எப்படித் தெரியும்? இன்று நூலகர்கள் அந்த விவரங்களைக் கணினியில் ஏற்றி, படத்தோடு இணையத்தில் வைக்கிறார்கள்.

ஒரே புத்தகம் பல பிரதிகள் அச்சாகும். 'இதுதான் எங்கள் பிரதி' என்று எப்படிச் சொல்வது? கையெழுத்து, முத்திரை, கிழிந்த பக்கம், பூச்சி அரித்த ஓட்டை! இவற்றை நூலகர் பொறுமையாகக் குறித்து வைத்திருந்தால்தான் உண்டு. இது கணினி தானாகச் செய்கிற வேலை இல்லை.

இன்னொரு சிக்கல், பெயர். வெளிநாட்டார் தரங்கம்பாடியை 'டிரான்கிபார்' என்று எழுதினார்கள். சீகன்பால்கு பெயரையோ சீகன்பால்க், சீகன்பால்கு ஐயர் என்று நாமே பலவிதமாக எழுதுகிறோம். ஒரு பெயரைத் தட்டினால் மற்றப் பெயர்களில் உள்ளதும் வர வேண்டும். அதற்காக எல்லாப் பெயர்களையும் நூலகர்கள் முடிச்சுப் போட்டு வைக்கிறார்கள்.

தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆனது. திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாபோலி' ஆனது. உங்கள் ஊருக்கு இப்படி எத்தனை பெயர்? தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழைய புத்தகம் தேடும்போது தேவைப்படும்.