போனில் உழவர் கூட்டம்: எந்த முறை எதற்கு ஏற்றது?

மரவள்ளிக் கொல்லையில் நுனி இலைகள் சுருண்டு, கொத்தாகி, கணுவிடைவெளி குறுகி நின்றால் விவசாயிக்கு உடனே பதில் வேண்டும். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தென்பட்டு, பிறகு தமிழ்நாட்டிலும் பரவியது. அது கொரோனா காலம்; ஊரில் கூட்டம் போட வழியில்லை. போனிலேயே கூடிப் பேசும் பழக்கம் அப்போது பெருகியது. ஆனால் எல்லாக் கூட்டத்தையும் ஒரே முறையில் நடத்தினால் முழுப் பயன் கிடைக்காது. மரவள்ளியையே உதாரணமாகக் கொண்டு இதைப் பார்ப்போம்.

பூச்சியை அடையாளம் காண

இதற்கு வாட்ஸ்அப் குழுவே சிறந்தது. வீடியோவில் பேசிக்கொண்டே செடியைக் காட்டினால் சிறு பூச்சி தெளிவாகத் தெரியாது. பகல் வெளிச்சத்தில் முழுச்செடி, நுனிக்கொத்து, இலையின் அடிப்பக்கம் என மூன்று படங்கள் எடுத்து அனுப்ப வேண்டும். பயிரின் வயது, ரகம், பாதித்த பரப்பு ஆகியவற்றையும் எழுத வேண்டும்.

கலந்து பேசி முடிவெடுக்க

ஐந்தாறு பேர் என்றால் சாதாரண போனிலேயே ‘கான்பரன்ஸ்’ போட்டுப் பேசலாம்; இன்டர்நெட் தேவையில்லை. மலைக்கிராமங்களுக்கு இது ஏற்றது. வாட்ஸ்அப் அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். குரல் மட்டும் போதுமென்றால் வீடியோவை நிறுத்திவிடுங்கள். டேட்டா வெகுவாக மிச்சமாகும்.

செய்முறையைப் பார்க்க

நோயற்ற விதைக்கரணையைத் தேர்ந்தெடுப்பது, நறுக்குவது, நேர்த்தி செய்வது ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தால்தான் விளங்கும். இதற்கு வீடியோ கூட்டம் வேண்டும். கட்டணமில்லாத கூகுள் மீட்டில் 100 பேர் 60 நிமிடமும், ஜூமில் 100 பேர் 40 நிமிடமும் கூடலாம். பேச்சை 20 நிமிடத்தில் முடித்து, மீதி நேரத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்குவது நலம். மாலைப் பாலை ஊற்றிவிட்டு வந்த பிறகு, இரவு 7 மணிக்கு மேல் வைத்தால் பெண்களும் கலந்துகொள்ள முடியும். பேசுகிறவர் தவிர மற்றவர்கள் மைக்கை அணைத்துவைக்க வேண்டும். வர முடியாதவர்களுக்காகப் பதிவு செய்து யூடியூபில் போடலாம். ஆனால் அதைப் பார்க்கிறவர் உடனுக்குடன் சந்தேகம் கேட்க முடியாது.

ஒரு போன், பத்துப் பேர்

எல்லோரிடமும் நல்ல போன் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1956-இல் புனே வானொலி, கிராமத்தார் ஒரே ரேடியோவைச் சுற்றி அமர்ந்து கேட்டு, விவாதித்து, கேள்விகளை நிலையத்துக்கு எழுதியனுப்பும் முறையை நடத்திக் காட்டியது. 1960-களில் ஆடுதுறை 27 நெல் வானொலி வழியே பரவியதால் தஞ்சை விவசாயிகள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். அதே வழியில், டவர் நன்றாகக் கிடைக்கும் ஒரு திண்ணையில் பத்துப் பேர் ஒரு போனைச் சுற்றி அமரலாம். ஒருவர் கேள்விகளைத் தொகுத்துக் கேட்டால் போதும்.

கவனிக்க வேண்டியவை

மருந்தின் பெயரையும் அளவையும் காதால் கேட்டு அடிக்கக் கூடாது. எழுத்தில் வாங்க வேண்டும். மாவுப்பூச்சியை அழிக்கும் ‘அனகைரஸ் லோபேசி’ என்ற ஒட்டுண்ணிக் குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 முதல் தமிழ்நாட்டு வயல்களில் விடப்பட்டது. யாரோ அனுப்பிய செய்தியை நம்பிக் கண்டபடி மருந்தடித்தால் நன்மை செய்யும் குளவியும் மடியும். மருந்துச் செலவும் வீண். கூட்டத்தில் சேர ஓ.டி.பி. எண் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

போனில் தீராத சந்தேகத்துக்குப் பாதித்த நுனியை ஒரு பையில் கட்டி, பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ நேரில் கொண்டு செல்லவும். 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தில் காலை 6 முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றிக் கேட்கலாம். தேவையறிந்து முறையைத் தேர்ந்தெடுத்தால் நேரமும் பணமும் மிஞ்சும், பயிரும் பிழைக்கும்.